ஓதத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே வகுப்பில்: இஸ்லாம் பாட ஆசிரியை ஒருவருக்குப் பதில்

கேள்வி: கிழக்கு மாகாணத்தில் ஒரு முஸ்லிம் மகா வித்தியாலயத்தில் தரம் 8க்கும் தரம் 10க்கும் இஸ்லாம் பாடம் எடுக்கிறேன். மௌலவியா (பெண் மார்க்க அறிஞர்) பட்டம் இருக்கிறது. ஆசிரியத் தொழிலுக்குப் புதிது. தரம் 8இல் 38 பிள்ளைகள். ஆறு பேர் ஹிப்ழ் (குர்ஆனை முழுதாக மனனம் செய்தல்) ஓதுகிறார்கள். பத்துப் பேருக்கு அரபு எழுத்துக் கூட்டவே வராது. வுழூவின் (தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவுதல்) பர்ளு (கட்டாயக் கடமை) ஆறையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளை, குழாயடியில் குதிகாலை நனைக்காமல் எழும்பி வருகிறது. ஸகாத் (கடமையான தர்மம்) கணக்கென்றால் தரம் 10இல் எல்லோரும் தடுமாறுகிறார்கள். போன கிழமை சுபஹ் (அதிகாலைத் தொழுகை) குனூத் (தொழுகையில் நின்று ஓதும் பிரார்த்தனை) பற்றி ஒரு பிள்ளை கேட்டது. ஓதத்தான் வேண்டும் என்று சொன்னேன். மறுநாள் அந்தப் பிள்ளையின் வாப்பா அதிபரிடம் போய்விட்டார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி,

நீங்கள் கேட்டிருப்பவை நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். பிள்ளை ஒப்புவித்துவிட்டால் பாடம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பின்னேரத்தில் ஓதப்பள்ளிக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அஹதிய்யா மார்க்க வகுப்புக்குப் போவோரும் இருப்பார்கள். மனனம் செய்விக்கிற வேலையை அந்த இடங்கள் பார்த்துக்கொள்கின்றன. உங்களுக்குக் கிடைப்பது 40 நிமிடப் பாடவேளை. ஸலாம், வரவு, கொப்பி எடுப்பது எல்லாம் போக 33 நிமிடம் மிஞ்சினால் நல்லது. அதையும் ஒப்புவித்தலுக்கே கொடுத்தால், செய்து பார்ப்பதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் காரணம் கேட்பதற்கும் அந்தப் பிள்ளைக்கு வேறு இடம் இல்லை.

முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் யாருக்கு எவ்வளவு ஓத வரும் என்று பாருங்கள். அதற்கு ஜுஸ்உ அம்மவை (குர்ஆனின் கடைசிப் பாகம்) கொடுக்க வேண்டாம். அது காதால் மனனமானது. கண் எழுத்தில் நிற்கும், வாய் ஞாபகத்திலிருந்து ஓடும். முஸ்ஹபின் (குர்ஆன் பிரதி) நடுப்பகுதியில் பிள்ளை அதிகம் பாராத ஒரு பக்கத்தில் மூன்று வரி கொடுத்து, எழுத்தின் கீழே விரல் வைத்து ஓதச் சொல்லுங்கள். விரல் ஓரிடம், வாய் ஓரிடம் என்று பிரிந்தால் அந்தப் பிள்ளை வாசிக்கவில்லை, ஊகிக்கிறது. ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுப் பாடவேளைக்கு ஆறேழு பேராக அழைத்தால், ஆறு பாடவேளையில் 38 பேரும் முடிந்துவிடுவார்கள்.

உங்கள் கொப்பியில் நான்கு குறி போட்டுக்கொள்ளுங்கள்: சரளமாக ஓதுபவர், எழுத்துக் கூட்டி ஓதுபவர், தனி எழுத்து தெரிந்தும் சேர்ந்து வரும்போது தடுமாறுபவர், எழுத்தே தெரியாதவர். ‘எழுத்துக் கூட்டவே வராது’ என்று நீங்கள் எழுதிய பத்துப் பேரில் பலர் மூன்றாம் வகையாக இருக்கக்கூடும். இவர்களை அலிஃபிலிருந்து மறுபடி தொடங்க வைத்தால் வெட்கப்பட்டுப் பின்வாங்குவார்கள். அவர்களுடைய சிக்கல் வேறு. பா, தா, ஸா, நூன், யா என்ற ஐந்து எழுத்தும் சொல்லின் நடுவில் வரும்போது ஒரே சிறு பல்லாகிவிடும். புள்ளியின் எண்ணிக்கையும் அது மேலா கீழா என்பதும்தான் வித்தியாசம். இந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு கிழமை, தினம் ஐந்து நிமிடம் சொற்களில் பழக்குங்கள். பிறகு ஜீம், ஹா, கா குடும்பம். அதன்பின் மற்றவை பெரும்பாலும் தாமாகவே வந்து சேரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள்: அரபு வரியின் மேல் தமிழில் எழுதிவைத்து ஓதுவது. காஃப் இரண்டும், கா, கைன் ஆகியவையும் தமிழில் பெரும்பாலும் ஒரே ‘க’வுக்குள் போய்விடும். எழுதியதைப் பார்த்து ஓதும் பிள்ளைக்கு அந்த நான்கையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. பிழை நாக்கில் உறைந்தபின் திருத்துவது இரட்டிப்பு வேலை.

முதலாம் தவணைக்கு ஓதலில் ஒரேயொரு இலக்கு வையுங்கள். 38 பேருடைய பாத்திஹாவும் (குர்ஆனின் முதல் அத்தியாயம்) சரியாக வேண்டும். தொழுகை அதில்தான் நிற்கிறது. ஷாபிஈ மத்ஹபின்படி (இமாம் ஷாபிஈயின் சட்ட வழி) பிஸ்மில்லாஹ்வும் அதன் ஒரு வசனம். மொத்தம் ஏழு வசனம், 14 ஷத்து (எழுத்தை அழுத்தி இரட்டிக்கும் குறி). பிள்ளைகள் அதிகம் விடுவது ஷத்தைத்தான், குறிப்பாக ‘இய்யாக’வில் வரும் யாவின் ஷத்து. அதை விட்டு ஓதினால் பொருளே மாறிவிடும். அடுத்தது ‘அன்அம்த’வில் அய்னை ஹம்ஸாவாக்கி ஓதுவது. கடைசிச் சொல்லில் ளாதை ‘ல’வாகவோ ‘த’வாகவோ சொல்வதும், அதன் ஆறு ஹரகத் (மாத்திரை) நீட்டலை இரண்டோடு முடித்துவிடுவதும் எல்லா வகுப்பிலும் உண்டு. பெரிய தாளில் பாத்திஹாவை எழுதி 14 ஷத்தையும் சிவப்பில் காட்டித் தொங்கவிடுங்கள். சோடி சோடியாக ஒருவர் ஓத, மற்றவர் விரல் மடித்து ஷத்தை எண்ணட்டும்.

தஜ்வீத் (குர்ஆனைச் சரியாக ஓதும் முறை) சட்டங்களுக்கு அவசரம் வேண்டாம். இழ்ஹார் ஆறு, இத்காம் ஆறு, இக்லாப் ஒன்று, இக்ஃபா பதினைந்து என்று பட்டியலைப் பாடமாக்கிய பிள்ளை, ஓதும்போது அதில் ஒன்றைக்கூடப் பிரயோகிப்பதில்லை. காதிலிருந்து தொடங்கி, இரண்டு கிழமைக்கு ஒரு சட்டம் என்று போங்கள். அந்தச் சட்டம் வரும் இடங்களை ஒரு பக்கத்தில் தேடச் சொல்லுங்கள். முஸ்ஹபில் பேனை படக்கூடாது. போட்டோக்கொப்பி கொடுத்தால் அது கடைசியில் மேசைக்கடியிலும் குப்பைக் கூடையிலும் கிடக்கும். பத்துப் பக்கத்தை லமினேட் செய்து வைத்துக்கொண்டு, துடைத்தால் போகும் மையால் வட்டமிட வைத்தால் வருடம் முழுக்கப் பாவிக்கலாம்.

ஹிப்ழ் பிள்ளைகள் ஆறு பேரையும் உதவிக்கு வைத்துக்கொள்வது இயல்பாகத் தோன்றும். வைத்துக்கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு. அவர்கள் தங்கள் உஸ்தாத் திருத்துவதைப் போலவே திருத்துவார்கள்: பிழை வந்த கணமே குறுக்கிட்டுச் சரியானதைச் சொல்லிவிடுவார்கள். எதிரில் இருக்கும் பிள்ளை யோசிக்கவே மாட்டாது. மூன்று எண்ணும் வரை பொறுக்க வேண்டும், பிறகு எழுத்தை மட்டும் விரலால் காட்ட வேண்டும், அதற்கும் வராவிட்டால்தான் சொல்லிக்கொடுக்கலாம் என்று விதி வையுங்கள். இந்த ஆறு பேருக்கும் வேறொரு குறை இருக்கும்: ஓதுவதன் கருத்துத் தெரியாது. மற்றவர்கள் எழுத்துப் பழகும்போது இவர்களுக்கு ஒரு சிறிய ஸூராவின் தமிழாக்கத்தைக் கொடுத்து மூன்று கேள்வி எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பதில் வேண்டாம், கேள்வி போதும். ஓதலில் முன்னிற்கும் பிள்ளை இதில் திணறுவதைப் பார்ப்பீர்கள்.

தரம் 8 பெண் பிள்ளைகளில் பலர் பருவமடைந்திருப்பார்கள். மாதத்தில் சில நாட்கள் அவர்கள் ஓதவோ முஸ்ஹபைத் தொடவோ மாட்டார்கள். “ஏன் ஓதவில்லை?” என்று வகுப்பில் கேட்பதைப் போன்ற கொடுமை இல்லை, அதிலும் ஆண் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில். ஒவ்வொரு நாளும் ஐந்து பேர் ஓதாமல் குறிப்பெடுப்பவர்களாக இருக்கட்டும். யார் என்பதை அவர்களே பெயர் கொடுத்துத் தீர்மானிக்கட்டும், ஆண் பிள்ளைகளும் சேர்த்து. யார் எதற்காகப் பெயர் கொடுத்தார் என்று எவருக்கும் தெரியாது. தொழுகைச் செயன்முறைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

இனி வுழூ. பட்டியல் தெரிந்த பிள்ளைக்குக் குதிகால் காய்ந்திருப்பது வியப்பல்ல. அந்தப் பிள்ளை வுழூச் செய்வதை எவரும் கூர்ந்து பார்த்ததில்லை. குழாயடியில் 38 பேரை வரிசையில் விட்டால் பாடவேளை போய்விடும். வகுப்புக்கு வெளியே, வடிகான் ஓரமாகச் செய்யுங்கள். ஒவ்வொரு சோடிக்கும் 750 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் வுழூச் செய்ததாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் வருகிறது. முத்து என்பது இரு கை ஏந்திய அளவு, முக்கால் லீற்றருக்கு மேல் போகாது. ஒருவர் அந்த அளவுக்குள் செய்ய, மற்றவர் ஆறு வரி கொண்ட சிறு தாளில் சரி, பிழை குறிக்கட்டும். குழாயைத் திறந்துவிட்டுப் பழகியவர்கள் முகத்தோடேயே போத்தலைக் காலியாக்கிவிடுவார்கள். வீண்விரயம் பற்றி நீங்கள் தனியாகப் பேசவேண்டிய தேவை அதன்பின் இராது.

எங்கெங்கே பிழைக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். நீளக் கைச்சட்டையை முழங்கை வரை மட்டும் சுருட்டுவதால் முழங்கை நனையாது. அதற்கு மேலே நாலு விரற்கடை ஏற்றவேண்டும். முகத்தில் காதோர எல்லையும் தாடைக்குக் கீழும் விடுபடும். குதிகாலும் கால்விரல் இடுக்கும் நீங்களே கண்டவை. சித்திரப் பாடம் முடிந்து வரும் பிள்ளையின் கையில் பசை காய்ந்திருக்கும். எழுத்தை அழிக்கும் வெள்ளை மை நகத்தில் படிந்திருக்கும். தண்ணீர் தோலைத் தொடாதவரை அந்த இடம் கழுவப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் நிய்யத்து (எண்ணம்) முகம் கழுவத் தொடங்கும் கணத்தில் உள்ளத்தில் இருக்கவேண்டும். பிள்ளை மணிக்கட்டைக் கழுவும்போது வாயால் சொல்லிவிட்டு, முகத்துக்கு வரும்போது பக்கத்திலுள்ளவனோடு கதைத்துக்கொண்டிருக்கும். “முகத்தில் தண்ணீர் பட்டபோது என்ன நினைத்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள்.

தொழுகையில் ஸுஜூதை (நெற்றியைத் தரையில் வைத்து வணங்குதல்) கவனியுங்கள். நெற்றி, இரு கை, இரு முழங்கால், இரு பாதத்தின் விரல்கள் என ஏழு உறுப்பு. தரையில் தலை வைத்ததும் பல பிள்ளைகளின் கால்கள் உயர்ந்துவிடும். ஷாபிஈ மத்ஹபில் நெற்றியின் சிறு பகுதியாவது நேரடியாகத் தரையில் படவேண்டும். பெண் பிள்ளைகளின் பர்தா புருவம் வரை இறங்கியிருக்கும், ஆண் பிள்ளைகளின் தொப்பியும் அப்படியே. பின்னால் நின்று பார்த்தால் கால் தெரியும், முன்னால் நின்றால் நெற்றி தெரியும். ஆகவே பார்ப்பவர் இருவர் வேண்டும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று “தொழுகையின் பர்ளு 13 என்று ஒரு புத்தகம், 17 என்று இன்னொன்று, எது சரி?” என்று கட்டாயம் கேட்கும். இரண்டும் சரி. ருகூஃ (குனிதல்), இஃதிதால் (குனிந்தபின் நிமிர்தல்), ஸுஜூது, இரண்டு ஸுஜூதுக்கும் இடையிலான இருப்பு ஆகிய நான்கு நிலைகளில் உடல் அசைவற்றுத் தரிப்பதைத் தனித்தனிப் பர்ளாக எண்ணினால் 17. அந்தந்த நிலையோடு சேர்த்து எண்ணினால் 13. கரும்பலகையில் இரண்டு நிரலாக எழுதி, நான்கு எங்கே போனது என்று வகுப்பையே கண்டுபிடிக்க விடுங்கள்.

ஸகாத் கணக்குக்கு வருவோம். தரம் 10 பிள்ளைக்கு நூற்றுவீதம் தெரியும். தடுமாற்றம் கணிதத்தால் வருவதல்ல, உதாரணத்தால் வருவது. திர்ஹம், மித்கால் என்ற பழைய அளவுகளில் தொடங்கினால் யாருக்கும் கைக்கு எட்டாது. தங்கத்தின் நிஸாபு (ஸகாத் கடமையாகும் குறைந்த அளவு) 20 மித்கால், இன்றைய கணக்கில் 85 கிராம். நமது பவுண் 8 கிராம். ஆகவே பத்தரைப் பவுணுக்குச் சற்று மேல். 12 பவுண் தங்கக் காசு ஒரு வருடம் கையிலிருந்தால் 96 கிராம்; அதை நாற்பதால் வகுத்தால் 2.4 கிராம். இரண்டரை வீதம் என்பதைவிட ‘நாற்பதில் ஒன்று’ என்பது பிழைபடாமல் வரும். பலர் 85ஐக் கழித்துவிட்டு மீதி 11 கிராமுக்கு மட்டும் கணக்குப் போடுவார்கள். நிஸாபு என்பது வாசல். அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் ஸகாத் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். வருடம் என்பது பிறை வருடம், 354 நாள் அளவு. ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கிடுபவர் 2.577 வீதம் கொடுக்கவேண்டும் என்பதை மேலதிகக் கணக்காகக் கொடுக்கலாம்.

உதாரணத்துக்கு ‘உம்மாவின் நகை 12 பவுண்’ என்று எழுதிவிடாதீர்கள். அணிவதற்கான ஆகுமான நகைக்கு ஷாபிஈ மத்ஹபில் ஸகாத் இல்லை, ஹனபி மத்ஹபில் உண்டு. கணக்குப் பழக்கவேண்டிய பாடவேளை கருத்து வேறுபாட்டில் போய் மாட்டிக்கொள்ளும். காசு, கட்டி என்று போடுங்கள்.

உங்கள் பிரதேசத்தில் நெல்லை விட்டுவிட்டு ஸகாத் பாடம் நடத்துவது வீண். தானியத்தின் நிஸாபு 5 வஸக் (பழைய முகத்தலளவு), ஏறத்தாழ 653 கிலோ. ஆனால் அது உமி நீங்கிய தானியத்துக்கு. உமியோடு சேமிக்கும் நெல்லுக்கு ஷாபிஈ நூல்கள் 10 வஸக் என்கின்றன, அதாவது 1,300 கிலோ அளவு. பிள்ளைகளுக்கு நெல்லின் கணக்கு மூடையில்தான் வரும்; ஒரு மூடை எத்தனை கிலோ என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லி, நிஸாபு எத்தனை மூடை என்பதை அவர்களே பிரித்துப் பார்க்கட்டும். மழையால் விளைந்தால் பத்தில் ஒன்று. பம்பு வைத்துச் செலவழித்து இறைத்தால் இருபதில் ஒன்று. வாய்க்கால் நீரை ஷாபிஈ நூல்கள் மழை நீரோடு சேர்க்கின்றன. 4,000 கிலோ விளைந்த வயலில் வாய்க்கால் நீர் மட்டும் என்றால் 400 கிலோ, பம்பு மட்டும் என்றால் 200, பாதிக்குப் பாதி என்றால் 300. தங்கத்தைப் போல ஒரு வருடம் காத்திருப்பது இதற்கில்லை, அறுவடையோடு கடமையாகிவிடும். பசளைக்கும் உழவுக்கும் போன காசைக் கழிக்கலாமா என்று கேள்வி வரும். ஷாபிஈ நூல்களின்படி கழிப்பதில்லை, சமகால அறிஞர்களில் கழிக்கலாம் என்போரும் உண்டு. இரண்டையும் சொல்லிவிட்டு நகருங்கள்.

பாட வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை. ரமழானோ வருடத்துக்கு 10, 11 நாள் முன்னோக்கி வருகிறது. நோன்புப் பாடம் பாடநூலில் எங்கே இருந்தாலும் விடுமுறைக்கு முந்திய இரண்டு கிழமைக்குள் நடத்துங்கள். நெல் ஸகாத்தைப் பெரும்போக அறுவடையோடு வையுங்கள். வருட ஆரம்பத்தில் திட்டத்தை எழுதி அதிபரின் கையொப்பம் வாங்கிவிட்டால், மேற்பார்வைக்கு வருபவர் வரிசை ஏன் மாறியது என்று கேட்கும்போது சங்கடமில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் புள்ளி இழப்பது பெரும்பாலும் விடை எழுதும் வினாக்களில். ‘இது மிகவும் சிறந்த பண்பாகும்’ என்று மூன்று வரி எழுதுவார்கள். அதில் புள்ளி போட ஒன்றும் இராது. கருத்து ஒரு வரி, ஆதாரம் ஒரு வரி, அது அன்றாட வாழ்வில் எங்கே பொருந்துகிறது என்று ஒரு வரி. “கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும்” என்ற கருத்துப்பட முஸ்லிமில் வரும் ஹதீஸை எழுதினால், பார்க்காமலே முன்னனுப்பும் வட்ஸ்அப் செய்தியை அடுத்த வரியில் எழுதத் தெரியவேண்டும். வசனம் சொல்லுக்குச் சொல் ஞாபகமில்லாதபோது மேற்கோள் குறி போடாமல் ‘என்ற கருத்துப்பட’ என்று எழுதப் பழக்குங்கள். பிழையாக எழுதிய வசனம் விடையையும் கெடுக்கும், அடக்கமின்மையும் ஆகும்.

கடைசியாகக் குனூத். பாடநூலில் உள்ளதை நீங்கள் சொன்னதில் தவறில்லை. ‘ஓதத்தான் வேண்டும்’ என்று சொன்ன விதத்தில்தான் அந்தப் பிள்ளைக்குத் தன் வாப்பாவின் தொழுகை பிழை என்று கேட்டிருக்கும். ஷாபிஈ மத்ஹபிலேயே அது பர்ளு அல்ல. விடுபட்டால் ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்கான ஸுஜூது) செய்யும் ஸுன்னத்து (கட்டாயமல்லாத நபிவழி). நபி (ஸல்) அவர்கள் ஒரு மாதம் சில கோத்திரத்தாருக்கு எதிராகக் குனூத் ஓதினார்கள் என்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். அதன்பின் சுபஹில் முற்றாக விட்டார்களா, சபித்ததை மட்டும் விட்டார்களா என்பதில்தான் இமாம்கள் பிரிகிறார்கள். அடுத்த முறை இப்படி ஒரு கேள்வி வந்தால் நான்கு வசனத்தில் முடியுங்கள்: நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபும் பாடநூலும் இப்படிச் சொல்கின்றன, இன்ன இமாம் வேறு விதமாகச் சொல்கிறார், இருவரிடமும் ஆதாரம் உண்டு, பரீட்சையில் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள். இமாம் ஷாபிஈ இமாம் மாலிக்கிடம் படித்தவர், இமாம் அஹ்மத் இமாம் ஷாபிஈயிடம் படித்தவர். படித்தவரிடமே வேறுபட்டும் மரியாதை குறையாமல் இருந்தார்கள் என்பது தரம் 8க்கு நன்றாகவே புரியும். எந்தப் பள்ளிவாசலின் பெயரையும் எடுக்காதீர்கள். “உங்கள் வீட்டில் யார் ஓதுவார்கள், கை தூக்குங்கள்” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்த நிமிடமே வகுப்பு இரண்டாகிவிடும். தராவீஹ் (ரமழான் இரவுத் தொழுகை) எட்டா இருபதா, மௌலூது (நபி புகழ்ப்பா) ஓதலாமா என்பவற்றுக்கும் இதே வழிதான்.

அந்த வாப்பாவை அதிபர் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அதிபரிடம் சொல்லிவிட்டு, அவருடைய அறையிலேயே சந்தியுங்கள். பாடநூலின் அந்தப் பக்கத்தையும் உங்கள் பாடக்குறிப்பையும் மேசையில் வையுங்கள். வாதத்துக்குள் போகாமல், “நாநா, நீங்கள் தொழுவது பிழையென்று நான் சொல்லவில்லை, அப்படிப் பிள்ளைக்குப் பட்டிருந்தால் நாளைக்கு வகுப்பில் தெளிவுபடுத்துகிறேன்” என்று சொன்னால் பெரும்பாலும் அத்தோடு ஆறிவிடுவார். மறுநாள் வகுப்பில் தெளிவுபடுத்தும்போது அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பேசாதீர்கள், பெயரையும் சொல்லாதீர்கள். சந்திப்பின் திகதியையும் பேசியதையும் இரண்டு வரியில் எழுதி அதிபரிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.